அண்ணன் பெயரில் ஆடியவன்

சவரிமுத்துவைக் கப்பலேற்றியது அரசாங்கம் என்று எங்கள் லயத்தில் எல்லோரும் நம்புகிறார்கள். பொய்! அவனைக் கப்பலேற்றியவன் நான்.

எட்டு ஆண்டுகளாக இதை யாரிடமும் சொன்னதில்லை. பெற்றவளிடமும் சொல்லவில்லை, கட்டியவளிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் முகத்தை நான் பார்க்கப் போவதில்லை. கேட்டு முடித்துவிட்டு, 'பாவம், சின்ன வயசு' என்று தட்டிக்கொடுக்காதீர்கள். அப்போது எனக்கு இருபது வயது. செய்வது என்னவென்று தெரிந்தேதான் செய்தேன்.

இலங்கை மலையில், தலவாக்கலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். லயம் என்றால் கூலிக்காரர்களின் வரிசை வீடு. ஒரே லயத்தில் அவன் வீட்டுக் காம்பராவும் எங்கள் காம்பராவும் ஒட்டியிருந்தன. அவன் வீட்டில் இருமினால் எங்கள் வீட்டில் கேட்கும். அவர்கள் வேதக்காரர்கள், நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். அதனால் எங்களுக்குள் ஒரு நாளும் தகராறு வந்ததில்லை.

தேயிலை ஸ்டோருக்குக் கீழே, செடி வைக்க லாயக்கில்லாத ஒரு துண்டு நிலம். அதுதான் எங்கள் பந்தடி மைதானம். ஒரு பக்கம் சரிவு. பந்து உருண்டால் ஓடைக்குள் இறங்கித்தான் எடுக்க வேண்டும். அங்கே வெறுங்காலோடு சவரி ஆடியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! கோல் போடுகிறவன் என்று பெயர் வாங்கியிருந்தவன் நான். உண்மையில் நடந்தது என்ன? நாலு பேரைத் தாண்டி அவன் பந்தைக் கொண்டுவந்து என் காலடியில் வைப்பான். நான் தட்டிவிடுவேன். கைதட்டல் எனக்கு. அவன் சிரித்துக்கொண்டே திரும்பி ஓடுவான்.

அந்தச் சிரிப்பை நான் வெறுத்தேன்... இதையும் எழுதிவிடுகிறேன்.

எங்களைப் பற்றி உங்களுக்கு எவ்வளவு தெரியுமோ எனக்குத் தெரியாது. இரண்டு நாட்டுப் பிரதமர்கள் உட்கார்ந்து எங்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு! இந்த மலையில் பிறந்து, இந்த மலையில் பிள்ளை பெற்று, இந்த மலையிலேயே புதைந்தவர்களின் மக்களை, மாட்டுச் சந்தையில் பிரிப்பது போலப் பிரித்தார்கள். எங்களை ஒரு வார்த்தை கேட்டார்களா?

தோட்டத்தில் மனு எழுதித் தர இரண்டு மேசை போட்டார்களாம். ஒன்று இலங்கைப் பிரஜாவுரிமைக்கு, மற்றது இந்தியாவுக்கு. என் அப்பா இலங்கை வரிசையில் நின்றார். சவரியின் அப்பாவும் அங்கேதான் நின்றாராம். வரிசை நகரவில்லை. மலைக்கு வேலைக்குத் திரும்ப நேரமானால் அன்றைய பெயரைக் கங்காணி அரைப்பேராக வெட்டிவிடுவார். பாதிச் சம்பளம் போய்விடும். இந்திய மேசையில் ஆள் குறைவு. சவரியின் அப்பா அங்கே போய்க் கைநாட்டு வைத்துவிட்டு மலைக்கு ஓடினார். ஒரு அரைப்பேருக்காக அந்தக் குடும்பம் இந்தியர்களானது!

கடவுச்சீட்டு வந்தது. இங்கே தங்கியிருக்கத் தந்த விசாவும் முடிந்தது. அதற்குள் அவன் அப்பா செத்துப்போனார். "அங்கிட்டு எங்களுக்கு யாருங்க இருக்கா? போய் யாரு வீட்டுக் கதவத் தட்டுறது?" என்று அவன் அம்மா ஒரே பிடியாக நின்றார். பொலிஸ் ஜீப் மலையேறும் சத்தம் கேட்டால் தாயும் மகனும் தேயிலைக்குள் இறங்கி ஒளிந்துகொள்வார்கள். லயமே அவர்களை மறைத்தது. தோட்ட அலுவலகத்துப் பெரிய கிளாக்கர்கூட, 'அவங்க போயிட்டாங்க' என்று சொல்லிச் சொல்லி அவர்கள் பெயரிலிருந்த கோப்பை மூடியே வைத்திருந்தார்.

எண்பத்தொன்றில் மாவட்ட அணிக்கு ஆள் எடுப்பதாக அறிவித்தார்கள். தோட்டத்துப் பையன்களும் வரலாம். ஆனால் அடையாள அட்டையோ பிரஜாவுரிமைச் சான்றிதழோ வேண்டும். சவரி ஆசைப்படவேயில்லை. ஆசையை மூட்டியவன் நான்.

"எங்கண்ணன் பேர்ல வாடா" என்றேன்.

என் அண்ணன் கணேசன் நுவரெலியாவில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தான். பந்து எந்த வடிவம் என்றுகூட அவனுக்குக் கவலையில்லை. எங்கள் சான்றிதழ் அப்பா பெயரில் இருந்தது. கீழே பிள்ளைகளின் பெயர்கள். பிள்ளைகளுக்குப் படம் கிடையாது.

இது உங்களுக்குப் பெரிய மோசடியாகத் தெரியலாம். எங்களுக்கு அப்படியில்லை. தாய்க்குக் காய்ச்சல் என்றால் அவள் பெயரில் மகள் கொழுந்து பறிப்பாள். அண்ணன் ஊருக்குப் போனால் தம்பி அவன் பெயரில் முள்ளுக் குத்தி மண் கிளறுவான். கங்காணிக்குத் தெரியும், கணக்கப்பிள்ளைக்கும் தெரியும், யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒருவர் பெயரை ஒருவர் சுமந்துதான் அங்கே பிழைத்தோம். அந்த ஒரு கட்டுப்பாட்டை எந்தக் குடிகாரனும் மீறியதில்லை.

"வேணாம் மச்சான், மாட்டிக்கிட்டா அம்மாவையும் சேத்து ஏத்திருவானுங்க."

"நான் இருக்கேன்ல? என்னயத் தாண்டி யாரு கேக்கப் போறா?"

அவன்மேல் உள்ள பாசத்தில் சொன்னேன் என்றா நினைக்கிறீர்கள்? அவன் பந்தைக் கொண்டுவந்து வைக்காவிட்டால் நான் கோல் போட முடியாது. அவ்வளவுதான்!

ஹட்டனில் தேர்வு. மைதானத்துக்குள் போகுமுன் அவன் கழுத்திலிருந்த கறுப்புக் கயிற்றைக் கழற்றினான். அதில் ஒரு அந்தோனியார் சுரூபம், ஐந்து சதக் காசளவு இருக்கும். "கணேசன் கழுத்துல அந்தோனியார் தொங்குனா நல்லாவா இருக்கும்?" என்று சிரித்து, என் கையில் வைத்தான். நான் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அன்று அவன் ஆடினான்... சப்பாத்துப் போட்ட பட்டணத்துப் பையன்கள் அவனுக்குப் பின்னால் மூச்சிரைத்தார்கள். ஆள் எடுக்க வந்த பெரியவர் ஒரு சிங்களவர், நல்ல மனிதர். எழுந்து நின்று பார்த்தார். "இவன் ஒரு நாள் நாட்டுக்கு ஆடுவான்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எந்த நாடு அவனை வேண்டாம் என்றதோ, அந்த நாட்டுக்கு!

ஆட்டம் முடிந்ததும் என்னை மேசைக்குக் கூப்பிட்டார். சவரி தூரத்தில் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தான். சான்றிதழை விரித்து வைத்து அவர் சொன்னார்: முன்வரிசையில் ஒரே ஓர் இடம்தான் பாக்கி, அது உன் அண்ணனுக்கு, நீ அடுத்த ஆண்டு வந்து பார். பிறகு பேனாவை என் பக்கம் நீட்டினார். வீட்டு ஆள் என்று நான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

என் அப்பாவின் சான்றிதழ்... என் வீட்டுத் தகரப்பெட்டியிலிருந்து நான் எடுத்து வந்த காகிதம்... அதை வைத்து என்னையே வெளியே தள்ளுகிறார்கள்!

"மே ஒயாகெ அய்யாத?" என்று கேட்டார். இது உன் அண்ணன்தானே?

'ஆம்' என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? பையில் சுரூபம் விரலில் பட்டது. குழாயடியிலிருந்து அவன் என்னைப் பார்த்துக் கையாட்டினான்.

"நே, மஹத்தயா" என்றேன். இல்லை ஐயா. அதோடு நிறுத்தினேனா? அவன் இந்தியாக்காரன், விசா முடிந்தவன் என்றும் சொன்னேன்! கேட்காததையும் சொன்னேன்! அவன் மிரட்டியதால்தான் காகிதத்தைக் கொடுத்தேன் என்றும் சொன்னேன்.

அவர் முகம் சுருங்கியது. சான்றிதழை மடித்து என் பக்கம் தள்ளினார். அவருக்கு விருப்பமில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் பக்கத்திலிருந்தவர் எழுந்து, வாசலில் நின்ற பொலிஸ்காரரை அழைத்துவிட்டார். சவரியைப் பிடித்துக்கொண்டு போகும்போது, 'தோட்டத்துலருந்து எவனோ எழுதிப் போட்டிருக்கான் மச்சான்' என்று அவன் காதில் சொன்னேன். அந்த ஒரே இடம் எனக்குக் கிடைத்தது.

தோட்டத்தில் கோப்பு திறக்கப்பட்டது. 'எவன் காட்டிக்கொடுத்தான்?' என்று லயமே கொதித்தது. "வேற யாரு? பெரிய கிளாக்கர்தான்" என்று முதலில் சொன்ன வாய் எது தெரியுமா? இதே வாய்! இத்தனை காலம் அவர்களைக் காப்பாற்றிய மனிதர்மேல் பழியைப் போட்டேன். பெண்கள் அவர் வாசலில் மண்ணைத் தூற்றினார்கள். அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்.

கப்பலுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு தலவாக்கலை நிலையத்திலிருந்து போகும் ரயிலை நாங்கள் ஒப்பாரிக் கோச்சி என்போம். எல்லோரும் அழுதார்கள், நானும் அழுதேன். என் அழுகைதான் அங்கே பெரிய அழுகை! சவரி ஜன்னலுக்குள்ளிருந்து என் கையைப் பிடித்தான்.

"மச்சான், மேட்ச்ல எடது கால்ல அடி. ஒனக்கு வலது காலுதான் வரும்னு எல்லாருக்கும் தெரியும்." பிறகு சொன்னான்: "சுரூபம் ஒங்கிட்டயே இருக்கட்டும். ஜெயிச்சப்புறம் தபால்ல அனுப்பு."

அவனுக்குத் தெரியவில்லை. கடைசிவரை தெரியவில்லை!

மாவட்ட ஆட்டத்தில் எனக்குப் பந்து கொண்டுவந்து வைக்க யாருமில்லை. ஒரே ஒரு முறை பந்து தானாக என் இடது காலுக்கு வந்தது. நான் வலது காலுக்கு மாற்றினேன், பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். "இந்தியாவட பலயங்!" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான். இந்தியாவுக்குப் போ! எதிரணி ஆளென்றால் பொறுத்திருப்பேன். அவன் எங்கள் மாவட்டக் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றவன். நான் போட்டிருந்த சட்டையின் நிறமும் அவன் கொடியின் நிறமும் ஒன்றுதான்.

இரண்டு ஆண்டுகளில் அந்த ஆடி மாதம் வந்தது, நாடெங்கும் தமிழர்களைத் தேடித் தேடி அடித்த மாதம். நுவரெலியாவில் அண்ணன் வேலை செய்த கடையைக் கொளுத்தினார்கள். அவனை நடுத்தெருவில் போட்டு அடித்தார்கள். இன்றும் அவனுக்கு ஒரு காது கேட்காது. சான்றிதழில் அவன் பெயரும் இருக்கிறதே, முத்திரை குத்திய பிரஜை ஆயிற்றே... அடிக்க வந்தவர்களில் ஒருவனாவது அந்தக் காகிதத்தைக் கேட்டானா?

எந்தக் காகிதத்துக்காக ஒருவனைக் காட்டிக்கொடுத்தேனோ, அதன் மதிப்பு அவ்வளவுதான்!

இன்னும் கேளுங்கள். அதற்கு அடுத்த ஆண்டு, வடக்கில் நடந்த சண்டை காரணமாகக் கப்பலே நின்றுவிட்டது. சவரியைப் போலவே விசா முடிந்து ஒளிந்திருந்த எத்தனையோ குடும்பங்கள் இன்றும் லயங்களில் இருக்கின்றன. அவர்களை ஏற்றிச் செல்ல ரயிலும் இல்லை, கப்பலும் இல்லை. அன்று இன்னும் மூன்று வருடம் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால் போதும்... இன்று அவன் அடுத்த காம்பராவில் இருமிக்கொண்டிருப்பான்.

உங்கள்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. தேசம், கொடி, நம் அணி என்று கைதட்டுகிறீர்கள். ஆடுகிறவனிடம் முதலில் காகிதத்தைக் கேட்கிறீர்கள். காகிதம் இருந்தால் முகத்தைப் பார்த்துத் துரத்துகிறீர்கள். மனுவை எழுதியவர்கள்மேலும் கோபம், வரிசையை நகர்த்தாதவர்கள்மேலும் கோபம். எல்லாக் கோபமும் சுற்றிச் சுற்றி என்னிடமே வந்து நிற்கிறது. அந்த மேசை முன்னால் நின்றது நீங்கள் இல்லையே... நான்தானே!

போய்ச் சேர்ந்ததுமே அவன் முகவரி எழுதி அனுப்பியிருந்தான், நான் பதில் போடவில்லை. போன மாதம் அவனிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறான். அங்கே அவர்களைச் 'சிலோன்காரன்' என்கிறார்களாம். இவர்களாகவே ஒரு பந்தடிக் குழு வைத்திருக்கிறார்களாம். அதற்கும் ஊரார் வைத்த பெயர் 'சிலோன் டீம்'.

கடைசியில் இப்படி எழுதியிருந்தான்: 'என்னால ஒங்க குடும்பத்துக்கு எதுவும் தொந்தரவு வந்துச்சான்னு இத்தன வருசமா மனசு உறுத்துது மச்சான். ஒங்க அண்ணன் பேரக் கெடுத்திட்டேன். மன்னிச்சிரு. சுரூபம் இன்னும் வந்து சேரல. தபால்ல தொலைஞ்சிருக்கும்னு அம்மா சொல்றாங்க. அதுக்காக நீ வருத்தப்படாத.'

சுரூபம் தொலையவில்லை. இதை எழுதும்போதும் அது என் காற்சட்டைப் பையில்தான் கிடக்கிறது. அனுப்பினால் கூடவே ஒரு கடிதம் எழுத வேண்டும். இதோ, உங்களுக்கு இவ்வளவு எழுதிவிட்டேன்... அவனுக்கு ஒரு வரி எழுத எனக்கு வரவில்லை.