படுக்கையறை வாசலில் அணையும் திரை

கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் அவருக்கு ‘மோப்பம்’ என்று பெயர் வைத்தது அவருடைய மனைவி. எந்தப் பெட்டியைத் திறந்தாலும் முதலில் மூக்கைத்தான் உள்ளே விடுவார். கருகல் வாசனை எந்தப் பக்கம் என்று பிடிபட்ட பிறகே திருப்புளியை எடுப்பார். மற்றபடி தைரியசாலி இல்லை. பேயை இதுவரை பார்த்ததில்லை என்பதாலேயே அதன்மேல் பயம் அதிகம்.

ஒரு முற்பகலில் அவரை வரவழைத்த பெண்ணின் கணவர், சில மாதங்களுக்கு முன் திடீரென்று இறந்துபோனவர். செங்கல் வைக்கும் முன்பே வீடுகளைக் கம்ப்யூட்டரில் கட்டிக் காட்டுவது அவர் தொழில். தங்களுக்கென்று நினைத்திருந்த வீட்டையும் அப்படியே செய்து வைத்திருந்தார். திரையில் அதற்குள் நடந்து போகலாம்.

“ஹாலு, சமையலறை எல்லாம் நல்லா தெரியுதுங்க,” என்றாள் அவள். “படுக்கையறை கதவைத் திறந்தா மட்டும் அணைஞ்சிடுது. உள்ள என்னமோ கத்துது.”

பக்கத்தில் நின்ற அவளுடைய அண்ணன் குரலைத் தாழ்த்தினார். “இந்த நாற்காலியிலதாங்க அவர் உயிர் போச்சு. பெட்டியைத் தூக்கிப் போடுன்னா கேக்க மாட்டேங்குறா.”

மோப்பம் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே மௌஸை நகர்த்தினார். வெயில் விழுந்த கூடம், நீளமான நடை, கடைசியில் ஒரு கதவு. கதவு மெல்லத் திறந்ததும் திரை கறுத்தது. பெட்டிக்குள் விசிறிகள் ஒரே நேரத்தில் அலறின. அவர் மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

திரையின் வயரை மாற்றிப் பார்த்தார். வேறு பிளக்கில் மாட்டிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அதே கதவு, அதே இருட்டு, அதே அலறல். கடைசியில் பெட்டியைத் திறந்து மூக்கை நுழைத்தார். கருகிய பிளாஸ்டிக். திரைக்குப் படம் வரைந்து அனுப்பும் கிராபிக்ஸ் கார்டுக்குக் கரண்ட் கொண்டுவரும் வயரின் முனை சரியாக உட்காராமல் அரைகுறையாக நின்றது. அதன் ஓரம் பழுப்பேறியிருந்தது.

“சும்மா இருக்கும்போது கார்டு கொஞ்சமாதான் கரண்ட் இழுக்கும்மா. அந்த ரூமுல கண்ணாடி இருக்கும்போல. கண்ணாடி வந்தா, அதுல தெரியிறதையும் சேர்த்து வரையணும், வேலை கூடிடும். மொத்தமா இழுக்கும்போது இந்த இடத்துல பத்தாம போயிடுது.”

“அங்க கண்ணாடி இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவள் கேட்ட விதத்தில் அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. “ஒரு ஊகம்தான்,” என்றார்.

கார்டுக்குச் சேதமில்லை. பவர் சப்ளையை மட்டும் மாற்றி, புதிய வயரை ‘டக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்தினார். திரும்பவும் கூடம், நடை, கதவு. இம்முறை திரை அணையவில்லை.

கட்டில், ஜன்னல், சுவரில் ஆளுயரக் கண்ணாடி. அறையில் யாருமில்லை. கண்ணாடிக்குள் மட்டும் ஒருவர் நின்று இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் வாசல் பக்கம் நகர்ந்தார். மோப்பம் தன்னையறியாமல் பின்னால் திரும்பிப் பார்த்தார். வெறும் சுவர்.

“கண்ணாடியில மட்டும் தெரியிற மாதிரி ஆளை வைக்க முடியும்மா,” என்றார், யாருக்குச் சொல்கிறோம் என்று தெரியாமல்.

“வீடு முடியட்டும், ஒண்ணு காட்டுறேன்னு சொல்லிட்டே இருந்தார்.” அவள் திரையருகே குனிந்தாள். “சட்டைப் பட்டனை மாத்திப் போட்டிருக்கார், பாருங்க. எப்பவும் இப்படித்தான்.” சிரித்தாள். சிரிப்பு நிற்க வெகுநேரம் ஆனது.

கொஞ்ச நாளில் மறுபடி அழைப்பு வந்தது. திரையில் ஒன்றுமே இல்லை என்றாள். பெட்டியைத் திறந்தால், கார்டின் வயர் அழகாகக் கழற்றி ஓரமாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

“உங்க அண்ணன் வேலையா?”

“நான்தாங்க நேத்து கழட்டினேன். சாப்பிட உக்காந்தா, அவரைத் தனியா நிக்க வச்சிட்டு வந்துட்டேனோன்னு ஓடி வரேன். தூங்கவும் முடியல. ஆனா என் வேலைக்குக் கம்ப்யூட்டர் வேணும்.”

அவர் கார்டைக் கழற்றி, திரையை மதர்போர்டிலேயே இணைத்தார். அவளுடைய வேலைக்கு அது தாராளம். கார்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தபோது, வாங்கியவள் சட்டென்று கையை மாற்றிப் பிடித்தாள்.

“சூடா இருக்குங்க.”

நேற்றிலிருந்து கரண்டே போகாத கார்டு அது. “ஜன்னல் வெயில் பட்டிருக்கும்மா,” என்றார் மோப்பம். அவள் தலையாட்டினாள். அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கம்ப்யூட்டர் இருந்த அந்த அறைக்கு ஜன்னலே இல்லை என்பது படியிறங்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. திரும்பிப் போகவில்லை.