முதுகுப் பக்கம் ஜிப்

மோட்டார் சைக்கிளில் மழையில் போகிறவனுக்கு முதலில் நனைவது நெஞ்சுதான். வண்டி வேகம் பிடித்ததும் எதிர்க்காற்று மழையை ஜிப்பின் பல்லிடுக்கு வழியாக உள்ளே தள்ளிவிடும். அங்கிருந்து வயிற்றுக்கு இறங்கும். பிறகு சீட்டில் குளமாகத் தேங்கும். பயண நூல்கள் நிறையப் படித்திருக்கிறேன். மழையை எல்லோரும் வர்ணித்திருக்கிறார்கள். ஈர உள்ளாடையோடு சித்தூரிலிருந்து திருப்பதி வரை போவது எப்படி இருக்கும் என்று ஒருவரும் எழுதவில்லை.

இதற்கு வழி கண்டுபிடித்தவள் என் மனைவி. மழைக்கோட்டைத் திருப்பிப் போட்டு, ஜிப்பை முதுகுக்குக் கொண்டுபோகச் சொன்னாள். தாடையில் இடித்த தலைமூடியைக் கத்தரித்து எடுத்தாள். ஜிப்பின் பிடி உடைந்திருந்ததால் சிவப்பு ரிப்பன் துண்டு ஒன்றைக் கட்டினாள். எனக்கு வலது தோள் பிடித்துக்கொண்டு வெகு நாளாகிறது, கை பின்னால் போகாது. அவள்தான் இழுத்துவிடுவாள். கழுத்துவரை ஏற்றியதும் முதுகில் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவாள். போகலாம் என்று அர்த்தம். அவள் ஏறி உட்கார்ந்துவிட்டால் அந்த ஜிப்பில் காற்றும் படாது.

போன வருஷம் ஐப்பசியிலிருந்து நாங்கள் மூன்று வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை திருப்பதிக்குப் போய்க்கொண்டிருந்தோம். அவளுக்கு மார்பில் கட்டி. ஊசி மருந்து ஏற்றினார்கள். குளிர்ந்து காய்ச்சல் வந்துவிடக்கூடாது, வந்தால் ஊசியைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும், கட்டி அதுவரை காத்திருக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் கார் வைத்துக்கொள்ளச் சொன்னான். கண்ணாடி ஏற்றிய காரில் ஏறினாலே அவளுக்குக் குமட்டும். பஸ்ஸும் வேண்டாம் என்றுவிட்டாள்.

"பஸ்ல ஆளாளுக்கு இருமிக்கினு வர்றான். உன் வண்டியில காத்தாவது நல்லா கீது" என்றாள்.

ஆகவே அவளை நனையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலையாயிற்று.

புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகி, அதன்மேல் என் பழைய மழைப் பேண்ட்டை மாட்டிக்கொள்வாள். காலுறைக்கு மேல் ரொட்டிக் கவர், அதற்கு மேல் ஷூ. எனக்குப் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை. எந்த வாரம் எத்தனை மணிக்கு மழை பிடித்தது என்று நான் தேதி போட்டுக் குறித்து, அதை வைத்துக் கிளம்பும் நேரத்தை மாற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரிப்பாள்: "மழைக்குக்கூட பொறந்தநாள் எழுதி வச்சிக்கினு கீறாரு."

இரண்டாவது ஊசிக்குப் பிறகு அவள் முடி கொட்டிவிட்டது.

கார்த்திகை பிறந்த பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, நான் குறித்து வைத்த நேரத்துக்கெல்லாம் முன்னதாகவே மழை வந்தது. பூதலப்பட்டு தாண்டி ஒரு மேம்பாலத்தின் அடியில் ஒதுங்கினோம். ஏற்கெனவே பத்துப் பதினைந்து வண்டிகள் நின்றிருந்தன. மலையிலிருந்து திரும்பும் குடும்பங்கள்தான் பாதி. மொட்டைத் தலைகளில் சந்தனம் கரைந்து காதோரம் வழிந்துகொண்டிருந்தது. அவள் மூச்சு முட்டுகிறது என்று ஹெல்மெட்டைக் கழற்றினாள். வெளியில் யார் முன்னாலும் அவள் அப்படிச் செய்ததில்லை. ஊரில் சபைக்குப் போகும்போதுகூட முக்காடுதான்.

அங்கே ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள், அவளும் மொட்டைதான், தெலுங்கில் சிநேகமாக விசாரித்தாள்:

"தரிசனம் பாக ஜரிகிந்தா அம்மா?"

நாங்கள் பழைய மிஷன் சபைக்காரர்கள். எங்கள் வீட்டில் யாரும் முடி காணிக்கை கொடுத்ததில்லை. நான் வாய் திறப்பதற்குள் என் மனைவி சொன்னாள்: "பாக ஜரிகிந்தம்மா."

தரிசனம் நன்றாகவே ஆயிற்றாம். அந்த அம்மாள் மகிழ்ந்துபோய், பையிலிருந்து லட்டில் ஒரு துண்டு பிட்டுக் கொடுத்தாள். மழை சற்றுக் குறைந்ததும் கிளம்பினோம். சந்திரகிரிக் கோட்டை மலை கண்ணில் பட்டதும் அவள் என் ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில் வாயை வைத்துச் சொன்னாள்:

"துன்னுட்டேன்யா. பாஸ்டர்கிட்ட சொல்லிடாத."

"சொன்னா என்ன பண்ணுவ?"

"உனக்கு ஜிப்பு போடமாட்டேன்."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள் கையைத் தொட்டுப் பார்த்து, இந்த மழையில் எப்படி இவ்வளவு காய்ந்து வந்தீர்கள் என்று கேட்டார். காய்ச்சல் இல்லை. ஊசி தள்ளிப்போகவில்லை. ஒரு முறைகூடத் தள்ளிப்போகவில்லை. எல்லா ஊசியும் குறித்த செவ்வாய்க்கிழமையிலேயே ஏறின. அவளை ஒரு நாளும் நான் நனையவிட்டதில்லை.

தவக்காலத்தில், குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தைய சனிக்கிழமை அவள் இறந்துபோனாள். சித்தூரில் அன்று வானத்தில் ஒரு மேகம் இல்லை.

இந்தக் கார்த்திகையில் மறுபடி ஒருமுறை அந்தச் சாலையில் போக நேர்ந்தது. அவள் தன் தலைக்குப் பின்னி வைத்த கம்பளிக் குல்லாய்கள் நாலைந்து புதிதாகவே கிடந்தன. வார்டில் யாருக்காவது ஆகும் என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். திரும்பும்போது மழை பிடித்தது. வேறு இடம் பார்த்துக் கொள்ளலாம் என்று நினைத்தும், அதே பாலத்தின் அடியில்தான் போய் நின்றேன். வண்டிப் பெட்டியிலிருந்து மழைக்கோட்டை எடுத்தேன். கை பழக்கத்தில் திருப்பிப் போட்டுக்கொண்டது. போட்ட பிறகுதான் தெரிந்தது. முதுகு திறந்து கிடக்க நின்றேன். கழற்றி நேராகப் போட்டிருக்கலாம். ஏனோ முடியவில்லை.

மொட்டையடித்த ஒரு ஆள், மனைவியோடு நின்றிருந்தவர், கவனித்துவிட்டார். "கோட்டு உல்டா, அண்ணா" என்றார். வேண்டுமென்றேதான் என்றேன். அவர் மேலே கேட்காமல் பின்னால் வந்து ரிப்பனைப் பிடித்து இழுத்து, கழுத்துவரை ஏற்றிவிட்டார். நான் அப்படியே நின்றேன்.

"ஆயிந்தி அண்ணா" என்றார். முடிந்ததென்று எனக்கும் தெரியும். ஆனால் முதுகில் தட்டு விழவில்லை. சற்று நேரம் கழித்து அவரே என் முன்னால் வந்து, முகத்தைப் பார்த்து, இனி போகலாம் என்று மெதுவாகச் சொன்னார்.

நெஞ்சு நனையாமல் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். முதுகில் மட்டும் ஜிப்பின் நீளத்துக்கு ஒரு கோடு ஈரம் இறங்கியிருந்தது. பூட்டைத் திறந்து உள்ளே போய், ஹெல்மெட்டையும் கையுறையையும் கழற்றி வைத்தேன். கோட்டைக் கழற்றக் கையைப் பின்னால் கொண்டுபோனேன். தோள் ஒத்துக்கொள்ளவில்லை. இடது கை ரிப்பன் நுனியைத் தொட்டது, பிடிக்க எட்டவில்லை. தலைவழியாக உருவிப் பார்த்தேன், கழுத்தில் இறுகியது. சமையலறையில் கத்தரிக்கோல் இருக்கிறது. அதைத் தேடிப் போகவில்லை. இதற்காக யார் வீட்டுக் கதவையும் தட்டத் தோன்றவில்லை. வாசல் படியில் வந்து உட்கார்ந்தேன். மழை விட்டது. கோட்டின் முன்பக்கம் மெல்லக் காய ஆரம்பித்தது.

பக்கத்து வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து கேட்டைத் திறந்தவர், என்னைப் பார்த்து நின்றார்.

"இன்னா சார், மழை உட்டு எந்நேரம் ஆச்சு. இன்னும் கோட்டோட குந்திக்கினு கீறீங்க?"

நான் எழுந்து, அவருக்கு முதுகைக் காட்டி நின்றேன்.