லயத்தில் எனக்கு மட்டும் ஒரு கக்கூஸ்

உக்குவளை வாழ் பெருமக்களுக்கு ஒரு முக்கிய அறிவித்தல்: தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயத்தின் மூன்று பொதுக் கக்கூஸ்களில் ஒன்று, இன்று காலை முதல் எனக்கே எனக்கென்று ஒதுக்கப்பட்டுள்ளது.

பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா மாஸ்க்கோடு வந்தார். புதுப் பூட்டையும் சாவியையும் எங்கள் வாசற்படியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

"கோவிச்சுக்காத தம்பி. வயித்தால போறதும் கொரோனாவா இருக்கலாம்னு டிவியில சொல்றாங்க. எங்க வீட்ல சின்னப் புள்ளைங்க இருக்குதுங்க."

"இவனுக்கு இருக்கிறது குடல் நோவு மல்லிகா. கொரோனாவுக்கு முன்னாடியே வந்தது, யாருக்கும் தொத்தாது" என்றார் அம்மா.

"தெரியும்க்கா. இருந்தாலும்..."

இந்த நோய்க்கு நான் போடும் மாத்திரை எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். கொரோனா வந்தால் எனக்குத்தான் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நியாயமாகப் பார்த்தால் நான்தான் லயத்தையே பூட்ட வேண்டும்.

"திறப்பு விழாவுக்குத் தோட்டத்துத் துரையையும் கூப்பிடுங்கக்கா, ரிப்பன் வெட்டுவோம்" என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மத்தியானம் வரை கூட்டாளிகளுக்கெல்லாம் போன் போட்டு, "சீகிரியா ஹோட்டல்லகூட இந்த வசதி இல்லடா" என்று பீற்றிக்கொண்டேன்.

உண்மையைச் சொன்னால், அந்தக் கதவை நான் இன்னும் திறக்கவே இல்லை. சாவியோடு நடந்தால் எல்லா வாசலும் என்னையே பார்க்கும். போகாமல் இருப்பதற்காகக் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. அம்மா போட்டுத் தந்த சோற்றை நாய்க்குப் போட்டுவிட்டேன்.

வாழ்த்துச் சொல்பவர்கள் கீழே கமெண்டில் சொல்லலாம். அம்மாவிடம் மட்டும் மூச்சு விடாதீர்கள்.