பிரகாசமாக எரிந்த எட்டு விளக்குகள்

எங்கள் பட்டறையில் அவளுக்குக் குடைச்சல் என்று பெயர். வைத்தவள் நான்தான். ‘இது ஏன் இப்படி, அது ஏன் அப்படி’ என்று காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை ஆளைக் குடைந்து எடுத்துவிடுவாள்.

ஸ்விட்ச் போர்டில் கரண்ட் இருக்கிறதா என்று காட்டுமே, ஆரஞ்சு நிறத்தில் பொடி நியான் விளக்கு, அதுதான் எங்கள் பிழைப்பு. அந்த விளக்குக்குப் போதும் என்று சொல்லத் தெரியாது. ஒருமுறை பற்றிக்கொண்டால், கொடுக்கக் கொடுக்கக் கரண்டை இழுத்துக்கொண்டே போகும். வீட்டு மின்சாரத்தை நேராகக் கொடுத்தால் படாரென்று வெடித்துவிடும். அதனால் அதன் ஒரு காலில் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்து, கரண்டைப் பிடித்து நிறுத்த வேண்டும். பற்றவைத்து, மேலே கறுப்புக் குழாய் மாட்டுவது என் வேலை. மாட்டிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. சோதனைப் பெட்டியில் செருகி எரிகிறதா என்று பார்ப்பது அவள் வேலை.

போன வாரம் எட்டு விளக்குகள் மட்டும் ஜோராக எரிந்தன. குடைச்சல் அதில் ஏழு விளக்குகளை ஒரு டப்பாவில் தனியாகப் பத்திரப்படுத்திவிட்டு, இருப்பதிலேயே நல்லதைத் தன் அக்காவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்த அக்காவுக்கு ஒரு காய்ச்சலுக்குப் பிறகு சுத்தமாகக் காது கேட்காது. போன மாதம் இவளே ஒரு மணி நேரம் கதவைத் தட்டிக்கொண்டு கால் கடுக்க நின்றாள். இனி வாசலில் பொத்தானை அழுத்தினால், அக்காவின் தையல் மெஷினுக்கு நேரே விளக்கு எரியும் என்று ஏற்பாடு.

இன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தாள்.

“ஏன்டி, அந்த எட்டு மட்டும் ஏன் அவ்ளோ நல்லா எரிஞ்சுது?”

“எரியலைன்னாலும் கேப்ப, எரிஞ்சாலும் கேப்பியா? போய்ச் சாப்பிடு போ!”

போனால்தானே! சோதனைப் பெட்டியின் மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“பெட்டிக்குள்ளயே ஒரு ரெசிஸ்டர் இருக்குடி. விளக்குல ஒண்ணு, பெட்டில ஒண்ணு. ரெண்டும் சேர்ந்து தடுக்கும்போது மங்கலாத்தானே எரியணும்? அப்போ நல்லா எரியறதுல...”

டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து பிளேடால் குழாயைக் கீறினாள். கம்பி நேராக விளக்கின் காலில் பற்றவைக்கப்பட்டிருந்தது. ரெசிஸ்டரைக் காணோம்.

வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்து, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நான் செய்த வேலை அது.

“ஐயோ, இன்னிக்குக் காலைலதான் அத்தான் அத மாட்டுறேன்னார்” என்றாள். அத்தானுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. என் மேசையில் குழாய் மாட்டாமல் கிடந்த விளக்கு ஒன்றை, ரெசிஸ்டர் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்த்து, ஒரு குழாயோடு எடுத்துக்கொண்டேன். மூன்று தெரு ஓடினோம்.

கதவு சாத்தியிருந்தது. பக்கத்தில் புதுப் பொத்தான். ஜன்னல் வழியாக அக்காவின் முதுகு தெரிந்தது. மெஷின் மேல் குனிந்திருந்தாள். முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் அந்த விளக்கு.

பதற்றத்தில் என் கை தானாகப் பொத்தானுக்குப் போனது. பளாரென்று ஓர் அடி விழுந்தது.

“அறிவிருக்காடி உனக்கு? அழுத்தினா அவ மூஞ்சிலயே வெடிக்கும்!”

கத்தினாலும் கேட்காது, தட்டினாலும் கேட்காது. கூப்பிட இருந்தது அந்தப் பொத்தான் ஒன்றுதான், அதையும் தொடக் கூடாது. குடைச்சல் சுற்றும் முற்றும் பார்த்தாள். சுவரில் மீட்டர் பெட்டி இருந்தது. ஓடிப்போய் மெயினை இறக்கினாள்.

உள்ளே மின்விசிறி நின்றது, மெஷின் நின்றது. அக்கா நிமிர்ந்து திரும்பினாள். ஜன்னலில் எங்களைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக வந்து கதவைத் திறந்தாள்.

“கரண்ட் போயிடுச்சு போல! வந்தவ பொத்தான அழுத்த வேண்டியதுதானே?” என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினாள். “உங்கத்தான் மாட்டின உடனே அழுத்திப் பாக்கறேன்னார். என் தங்கச்சிதான் முதல்ல அழுத்தணும்னு தொடவே விடல!”

குடைச்சல் அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. நான்தான் அவள் முகத்துக்கு நேரே நின்று, உதடு அசைவது தெரியும்படி, என் தப்பை ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டுவாள் என்று நின்றேன். “சரி, நல்லதா ஒண்ணு மாட்டிட்டுப் போ” என்றாள்.

பழையதைக் கழற்றிவிட்டு, குழாயைச் செருகிப் புது விளக்கை மாட்டினேன். மெயினைப் போட வெளியே போனாள் குடைச்சல். மெஷினுக்கு முன்னால் உட்காரப் போன அக்காவைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன். என் கைவேலைக்கு என் மூஞ்சிதான் பொறுப்பு. மெயினைப் போட்ட குடைச்சல் வாசலில் பொத்தானை அழுத்தினாள்.

விளக்கு அமைதியாக எரிந்தது.

வெளியே நிற்பது யாரென்று நன்றாகத் தெரிந்தும், “யாரு? யாரது?” என்று கத்திக்கொண்டே அக்கா கதவைத் திறக்க ஓடினாள்.