கமாவுக்கு நடுவில் என் பெயர்

அலங்காநல்லூர்ப் பக்கத்தில் ஒரு ஜில்லா போர்டு பள்ளிக்கூடத்தில் நான் தற்காலிக வாத்தியாராக இருந்தேன். தற்காலிகம் என்பது நாற்காலிக்குக்கூடத் தெரிந்திருந்தது. நான் உட்கார்ந்தால் மட்டும் ஆடும். இன்ஸ்பெக்டர் வந்து என் பாடத்தைப் பார்த்து நல்லவிதமாக எழுதினால் வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் எழுமலையில் மாமனாருடைய பருத்திக் கடை. மாப்பிள்ளை உட்காருவதற்கென்று ஒரு மூட்டையைத் தனியாக எடுத்துப் போட்டிருப்பதாக அவர் சொல்லியனுப்பியிருந்தார். மரியாதையாகத்தான் சொல்லியிருந்தார். அதனால்தான் மறுக்க வழியில்லை.

அந்த நாளுக்கென்று எனக்கு விழுந்த பாடம், இங்கிலீஷ் இலக்கணத்தில் அப்பொசிஷன். புத்தகத்து விளக்கத்தை நின்று படித்தேன், நடந்து படித்தேன், வாய்க்கால் கரையில் மேய்கிற மாடு மிரண்டு ஒதுங்குகிற அளவுக்குச் சத்தம் போட்டுப் படித்தேன். ஒரு பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு பெயர்ச்சொல்லை நிறுத்த வேண்டுமாம். எதற்கு நிறுத்த வேண்டும், அதுபாட்டுக்குப் போகட்டுமே என்றுதான் எனக்குத் தோன்றியது.

கடைசியில் காப்பிக்கடையில் புரிந்தது. “நம்ம தலையாரி, மேலத்தெருக்காரரு, வந்துட்டுப் போறாரு” என்றார் ஒருவர். வந்தது ஒரே ஆள். கேட்கிறவன் ‘எந்தத் தலையாரி?’ என்று வாயெடுப்பதற்குள் அதே ஆளை இன்னொரு தடவை சொல்லிவிடுகிறோம். அவ்வளவுதான். இரண்டு பக்கமும் கமா காவல் நிற்கும்.

புரிந்த சந்தோஷத்தில் உதாரண வாக்கியத்துக்கு என்னையே பிடித்துப் போட்டேன். ‘எங்கள் ஆசிரியர், இன்னார், மிகவும் நல்லவர்.’ இன்னார் என்ற இடத்தில் என் பெயர். இன்ஸ்பெக்டர் காதில் இலக்கணமும் விழும், நல்லவர் என்பதும் விழும். பையன்கள் பலகையில் பிழையில்லாமல் எழுதிக் காட்டினார்கள். வாய்விட்டுச் சொல்லச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் இருப்புக்கொள்ளாமல் அடுப்படிக்குப் போய் மனைவியிடம் ஒத்திகை பார்த்தேன்.

“‘என் வீட்டுக்காரர்’னு சொல்லு, அப்புறம் என் பேரு, அப்புறம் ‘வாத்தியார் வேலை பாக்குறார்’. எங்கே?”

“என் வீட்டுக்காரரு...” என்றவள் குழம்பைக் கிண்ட ஆரம்பித்துவிட்டாள்.

“பேரைச் சொல்லு.”

“அதெல்லாம் ஆகாது.”

“பாடத்துக்குத்தானே கேக்குறேன்?”

“பாடத்துக்காக ஒங்க ஆயுசக் கொறைக்கச் சொல்றீகளா? பேசாம பருத்திக் கடைக்கே போயிருங்க. எங்கப்பாரு மாப்ளன்னுதான் கூப்புடுவாரு. பேருக்கே வேலையில்ல.”

பெண்பிள்ளைகள் வழக்கம் என்று சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். தலைப்பாகை, வெள்ளைக் கோட்டு. பக்கத்து நாற்காலியில் எங்கள் ஹெட்மாஸ்டர். நான் கரும்பலகைக்கும் ஜன்னலுக்கும் நடுவே செக்கு சுற்றினேன். பாடம் முடிந்ததும் இன்ஸ்பெக்டர் முன்வரிசைப் பையனை எழுப்பி, “உங்கள் வாத்தியார் பெயரைச் சேர்த்து ஒரு வாக்கியம் சொல்” என்றார்.

பையன் “எங்கள் ஆசிரியர்” என்றான். கமாவில் நின்றவன் நின்றவன்தான். அடுத்தவனும் அங்கேயே நின்றான். வரிசை முழுக்க எழுந்து கமாவில் நின்றது.

“வாத்தியார் பேரே தெரியாதா?”

“தெரியும் சார்.”

“சொல்லேன்.”

“சொல்லக் கூடாது சார்.”

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார், நான் தடையுத்தரவு போட்டவன் மாதிரி. “யார் சொன்னது?”

“எங்காத்தா சார். வாத்தியார் பேரச் சொன்னா வாயில போடுவேன்னுச்சு.”

எனக்குக் குழம்பு கிண்டும் சத்தம் கேட்டது. கூடவே பருத்தி வாசமும் வந்தது. “அய்யா, என்னை விட்டுருங்க. ஒரு காளையைப் பத்திக் கேளுங்க” என்றேன்.

“காளையா?”

“பொங்கலுக்கு அவுத்துவிட்ட காளை.”

அவர் கேட்டு முடிப்பதற்குள் வகுப்பே எழுந்துவிட்டது. சொன்னதெல்லாம் இங்கிலீஷில்தான், தமிழில் தருகிறேன். “எங்கள் சித்தப்பா காளை, மயிலை நிறத்தது, யாரையும் தொடவிடவில்லை!” “பூசாரி காளை, கொம்பு மழுங்கினது, வேலியைத் தாண்டியது!” கமா எல்லாம் கச்சிதம். எனக்குக் கால் தரையில் பட ஆரம்பித்த நேரத்தில், கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. “ஹெட்மாஸ்டர் காளை, ஒரு பயந்தாங்கொள்ளி, கண்மாய்க்குள் ஓடிவிட்டது!”

இன்ஸ்பெக்டர் சிரித்த சிரிப்பில் தலைப்பாகை சரிந்தது. “நிஜமா?” என்று ஹெட்மாஸ்டரைக் கேட்டார்.

“இலக்கணம் சரிங்க. சேதிதான் தப்பு. அது தண்ணி குடிக்கப் போச்சு.”

இன்ஸ்பெக்டர் நன்றாகவே எழுதிவிட்டுப் போனார். ஆனால் அதை மேலே அனுப்ப வேண்டியவர் ஹெட்மாஸ்டர். அவர் என்னிடம் பேச்சையே நிறுத்திவிட்டார். அவர் செருமினால்கூட நான் எழுந்து நின்றேன். ஒருநாள் கூப்பிட்டு, என் கண்ணெதிரே கையெழுத்துப் போட்டார்.

“வேலை நெலச்சிருச்சு. அடுத்த பொங்கலுக்கு வாடிவாசல்ல எம் பக்கத்துல நில்லும். எங் காளை ஓடுதா, தண்ணி குடிக்கப் போகுதான்னு கிட்ட இருந்தே பாத்துக்கிரும்.”

வீட்டுக்கு ஓடினேன். மனைவி உடனே எழுமலைக்கு ஆள் சொல்லியனுப்பினாள், அந்த மூட்டையை விற்றுவிடச் சொல்லி. எனக்கு மட்டும் நிம்மதியில்லை.

“காளை என் பக்கம் திரும்பினா, பேரைச் சொல்லிக் கூப்பிட்டாவது காப்பாத்துவியா?”

அவள் நியாயமாகவே யோசித்துச் சொன்னாள்.

“‘இந்தாங்க’ம்பேன். அதுக்குத் திரும்புனா பொழச்சீக.”

வாடிவாசலைச் சுற்றி நிற்கிற ஆம்பிளைகள் அத்தனை பேரும் அந்தக் குரலுக்குத் திரும்புவார்களே என்று நினைத்தபடி, அன்றிலிருந்தே கிணற்றடிக்கும் வாசலுக்கும் ஓடிப் பழக ஆரம்பித்தேன்.