ராயப்பண்ணாச்சி விட்ட பந்து

போன செவ்வாய்க்கிழமை காலை, கப்பல் சரக்குச் சீட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது ஆபீஸ் போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ராயப்பண்ணாச்சியின் மச்சினர் பேசினார். "அண்ணாச்சி போயிட்டாக. ஒங்ககிட்டதான் மொதல்ல சொல்லணும்னு அக்கா சொன்னாக." என்னிடம் ஏன் முதலில் என்று கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார். சற்று நேரத்தில் மாதா கோயிலில் துக்க மணி அடித்தது. அடுத்த மேசை அவருடையது. நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மரிய ராயப்பன் எங்கள் கப்பல் ஏஜென்சி ஆபீசில் கிளார்க்காக இருந்தார். முப்பத்தேழு வயதுதான். மஞ்சள் காமாலை கொண்டுபோய்விட்டது. இந்த ஊரில் டென்னிஸ் ஆடத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பரிசுப் பணத்துக்காக ஊர் ஊராகப் போய் ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்களோடு மோதிப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் டென்னிஸ் கிளப் வேலி ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பேன். ஒருநாள் கூப்பிட்டார். "ஏலே செல்லையா, சும்மாதான நிக்க. கண்ணு நல்லாத் தெரியுமா? வந்து கோட்டைப் பாரு." அன்றிலிருந்து நான் லைன்மேன். பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தால் "அவுட்" என்று கத்த வேண்டும். உள்ளே விழுந்தால் வாயைத் திறக்காமல் இரண்டு உள்ளங்கைகளையும் தரையைப் பார்த்துக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். வேலை அவ்வளவுதான். எனக்கு மட்டை பிடிக்க வராது. ஆனால் என் கண்ணைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

ஆடும்போது அண்ணாச்சி தன்னைத்தானே திட்டிக்கொள்வார், பிறரை ஒரு சொல் சொல்லமாட்டார். கிளப் ஆட்டம் ஒன்றில், தான் அடித்த பந்து வெளியே விழுந்ததை யாரும் கவனிக்கவில்லை. அவரே கையைத் தூக்கிச் சொல்லிவிட்டார். "அப்ப எதிராளி பந்து வெளிய விழுந்தாலும் நீங்களே சொல்லுவீகளா?" என்று கேட்டேன். "அத நான் சொல்லப்பிடாதுல. அதுக்குத்தான் நீ நிக்க" என்றார்.

ஆறு வருடங்களுக்கு முன் அந்தப் போட்டி எங்கள் ஊருக்கு வந்தது. பெரிய ஆட்டக்காரர்கள் எட்டிப் பார்க்காத, சின்னப் பரிசுத்தொகைப் போட்டி. நான்கு ஊர்களில் வாரத்துக்கொன்றாக நடக்கும். முதல் வாரம் எங்கள் கிளப்பில். அண்ணாச்சி தகுதிச் சுற்றில் ஆடி நுழைந்து, ஒற்றையர் பிரிவில் இரண்டு பேரைத் தோற்கடித்துக் காலிறுதிக்கு வந்துவிட்டார். ஊரே வாயைப் பிளந்தது. அரையிறுதிக்குப் போனால் மீதி மூன்று ஊர்களிலும் நேரடியாக ஆடலாம். அப்படி நடந்தால் ஒரு மாத லீவு தருவதாக ஆபீசிலும் சொல்லியிருந்தார்கள். "ஒரே ஒரு மாசம்ல. நான் ஆட்டக்காரனா கிளார்க்கான்னு தெரிஞ்சிரும்" என்றார்.

காலிறுதியன்று காலை தண்ணீர் லாரி வரவில்லை. மண் தளம் காய்ந்தால் புழுதி பறக்கும். உப்பைத் தூவினால் தளம் ஈரம் பிடிக்கும் என்பது எங்கள் கிளப் பழக்கம். உப்புக்கு இந்த ஊரில் என்ன பஞ்சம்? ஆடப்போகிறவர் என்றும் பாராமல் அண்ணாச்சியே ஒரு மூடை உப்பைத் தூவினார். கோடுகளுக்கு வழக்கம்போல் சுண்ணாம்புத் தூள். பந்து விழுந்து வெள்ளை பறந்தால் அது கோட்டில் பட்டது, உள்ளே. எங்களுக்கு அதுதான் சட்டம். மதிய வெயிலில் கோட்டுக்கு வெளியேயும் உப்பு வெள்ளையாகப் பூத்துவிடும் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

இன்னொன்றும் நடந்தது. அவரோடு ஆட வந்த வெளிநாட்டுக்காரர், உள்ளூர் லைன்மேன்கள் உள்ளூர்க்காரருக்குத்தான் சொல்வார்கள் என்று முதல் நாளே புகார் செய்திருந்தார். அமைப்பாளர் எங்களை வரிசையாக நிறுத்தி எச்சரித்தார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. என் நேர்மையை இவனுக்குக் காட்டுகிறேன் என்று கறுவிக்கொண்டு பின்கோட்டில் போய் நின்றேன்.

மூன்றாவது செட். அண்ணாச்சிக்கு ஐந்துக்கு நான்கு. இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் அரையிறுதி. எதிராளி ஓங்கி அடித்த பந்து நீளமாக வந்தது. வெளியே போகிறது என்று தெரிந்து அண்ணாச்சி மட்டையை இறக்கி அதை விட்டுவிட்டார். பந்து என் கண்ணெதிரே விழுந்தது. கோட்டுக்கு மூன்று விரல் வெளியே. விழுந்த இடத்தில் வெள்ளை பறந்தது.

பார்த்தேன். மூன்று விரலையும் பார்த்தேன், வெள்ளையையும் பார்த்தேன். 'அவுட்' என்று சொன்னால் உள்ளூர்க்காரன் புத்தி என்பார்கள். என் கைகள் கவிழ்ந்தன. நடுவர் புள்ளியை எதிராளிக்குக் கொடுத்தார்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினார். அவிழ்த்து மறுபடி கட்டினார். கூட்டம் முணுமுணுக்கும் அளவுக்கு நேரம் எடுத்துக்கொண்டார். நிமிர்ந்து இன்னொரு முறை என்னைப் பார்த்துவிட்டு ஆடப் போனார். ஏழுக்கு ஐந்து என்று தோற்றார். தோற்றபின் என்னிடம் வந்து, "வால, டீ குடிப்போம்" என்றார்.

அவர் லீவு போடவில்லை. மறுநாள் என் அடுத்த மேசையில் உட்கார்ந்து சீட்டெழுதினார். பிறகு கிளப்பில் மாலையில் மட்டும் ஆடினார். கோட்டருகே எந்தப் பந்து விழுந்தாலும், கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும்கூட, என் பக்கம் திரும்பி, "என்னல சொல்லுத?" என்று கேட்பார். கேலியா வேறெதுவுமா என்று எனக்குத் தெரியாது. ஆறு வருடம் அதே கேள்வி. உப்பளப் பக்கம் பஸ்ஸில் போகும்போது காற்றில் வெள்ளை எழுந்தால்கூட என் காதில் அந்தக் கேள்விதான் விழும். கண்ணை மூடிக்கொள்வேன். மூடினால் பந்து விழும்.

ஆஸ்பத்திரிக்கு மூன்று முறை சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். மூன்று முறையும் கப்பல் கதை பேசினேன். கிளம்பும்போது, "வேற ஏதும் சொல்லணுமால?" என்பார். "ஒண்ணுமில்லண்ணாச்சி" என்பேன். கண் மஞ்சளாக இருந்தாலும் பார்வை அதே பார்வை.

அடக்கத்தன்று வீட்டில் அவர் மனைவி, என் மதினி, என்னைத் தனியே கூப்பிட்டார்கள்.

"தம்பி, அவுக ஒங்கள ஒருநாளும் கொறை சொன்னதில்ல. 'அவனுக்கு மாத்திச் சொல்ல நேரம் குடுக்கத்தான் கயித்தக் கட்டிக்கிட்டே கெடந்தேன்'ன்னு சொல்லுவாக. 'வருவான், ஒருநா அவனே வந்து சொல்லுவான், நீ கேட்றாத'ம்பாக. கடைசி ராத்திரியும் வாசலையே பாத்தாக."

எனக்கு அழக்கூட வெட்கமாக இருந்தது. கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் பிடி மண் போட்டார்கள். என் முறை வந்தது. இரண்டு கைகளையும் பெட்டியின் மேல் நீட்டி மண்ணை விட்டேன். விட்டபிறகுதான் பார்த்தேன்: என் இரண்டு உள்ளங்கைகளும் தரையைப் பார்த்துக் கவிழ்ந்திருந்தன. அன்றைக்கு நின்றதுபோலவே நின்றிருந்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். அன்று அந்த வேலியைச் சுற்றி நின்ற எல்லாரும் கேட்கட்டும்.

அண்ணாச்சி, அவுட். மூன்று விரல் வெளியே. அந்த ஆட்டம் உங்களுடையது. போய் வாருங்கள்.