மானிட்டர் மேல் ஒட்டிய பிளாஸ்டர்

தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தேன். ஒக்கலிபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவேன். இதயநோய் வார்டுக்குப் இதயத்துடிப்பைக் கண்காணிக்கும் புது மானிட்டர்கள் வந்த மாதமே, ஷிஃப்டுக்கு நான்கு பேராக இருந்த எங்களை இரண்டு பேராக்கினார்கள்.

"இனி மெஷினே பாத்துக்கும் சிஸ்டர், சும்மா டென்ஷன் பண்ணிக்காதீங்க" என்றார் மேனேஜர். அதற்குக் கை கிடையாதே சார் என்று கேட்க வாய் வரை வந்தது.

அந்த மெஷின் சரியான தொட்டாற்சிணுங்கி. நோயாளி புரண்டு படுத்தால் அலறும், வியர்வையில் வயர் நழுவினால் அலறும். பொத்தானை அமுக்கினால் இரண்டு நிமிடம் சும்மா இருந்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கும். நோயாளிகள் கருத்து எழுதும் நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் அதே புகார். மேனேஜர் எங்களைத்தான் கடிந்துகொண்டார்.

மூன்றாம் படுக்கையில் காக்ஸ் டவுனைச் சேர்ந்த ஓய்வுபெற்ற வாத்தியார். அவர் மனைவி ஒரு காலை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு நாளா அவரு கண்ணே மூடல சிஸ்டர். இந்தச் சத்தத்த நிறுத்த முடியாதா, ப்ளீஸ்?"

சத்தம் வரும் துளைகள்மேல் பஞ்சை வைத்து பிளாஸ்டரை ஒட்டினேன். மற்ற படுக்கைகளுக்கு ஏற்கெனவே அப்படித்தான் செய்திருந்தோம். எங்களுக்கு அது பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது.

அன்று மதியம் கூட வேலை செய்தவள் ஒரு நோயாளியை எக்ஸ்ரேவுக்குக் கூட்டிப் போயிருந்தாள். நான் ஏழாம் படுக்கையில் ஊசி போட நரம்பு தேடிக்கொண்டிருந்தேன்.

"சிஸ்டர், இவரு கை சில்லுனு இருக்கே!"

வாத்தியாரின் மனைவியின் குரல். ஓடினேன். திரையில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. பஞ்சுக்குள்ளிருந்து முனகல்போல ஏதோ கேட்டது. மார்பை அழுத்தினேன், டாக்டர் வந்தார், ஷாக் கொடுத்தார். வாத்தியாருக்கு உயிர் திரும்பவில்லை.

அந்த அம்மாவைத் தேற்றிவிட்டு வந்து, யாரும் பார்க்காதபோது வார்டிலிருந்த எட்டு மானிட்டரிலும் பிளாஸ்டரைப் பிய்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கோழைத்தனத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, மிச்சக் காகிதங்களை வாங்க அந்த அம்மா வந்தார். போகும்போது கருத்து நோட்டைக் கேட்டு வாங்கி, நின்றபடியே எழுதினார். அவர் லிஃப்டில் இறங்கிய பிறகு படித்தேன்.

"கடைசி நாளில் என் கணவர் நிம்மதியாகத் தூங்கினார். சிஸ்டருக்கு நன்றி."